எஸ்ஸவீராவில் ஒரு நாள்: வழிகாட்டியின் இரண்டு மணி நேரத்தை எதற்குக் கேட்பது

மொரோக்கோவின் மராகேஷ் நகருக்குப் போகிறவர்களில் பலர் ஒரு நாளை ஒதுக்கி, அட்லாண்டிக் கரையிலுள்ள எஸ்ஸவீராவைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். இரண்டு நகரங்களுக்கும் இடையே ஏறத்தாழ 180 கிலோமீட்டர். ரயில் பாதை கிடையாது. சாலைவழியில் இரண்டரை முதல் மூன்று மணி நேரம் ஆகும். காலை எட்டு மணியளவில் புறப்படும் வேன் இரவு ஏழு மணியளவில் திரும்பிவிடும் என்பதால், வழியில் நிறுத்தும் இடங்களைக் கழித்தால் நகரத்துக்குள் கிடைப்பது நான்கு மணி நேரம், மிஞ்சிப்போனால் ஐந்து. இந்தச் சில மணி நேரத்தை எதற்குக் கொடுப்பது என்று முன்னதாகவே முடிவு செய்துகொண்டால்தான் பயணம் பயனுள்ளதாகிறது. எழுபதைக் கடந்த என் அம்மாவுடன் சென்று வந்த அனுபவத்திலிருந்து, அடுத்துச் செல்பவர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் இதை எழுதுகிறேன்.

முதலில் முன்பதிவு பற்றிச் சொல்ல வேண்டும். வழிகாட்டியுடன் கூடிய பயணம் என்று விளம்பரம் செய்யப்படும் ஏற்பாடுகள் பலவற்றில், உடன் வருபவர் ஓட்டுநர் மட்டுமே. அவர் சாலையில் கண்ணில் படுவதைச் சொல்வார். நகர வாசலில் இறக்கிவிட்டு, திரும்பிவர வேண்டிய நேரத்தைக் கூறிவிட்டுப் போய்விடுவார். நகரத்துக்குள் அழைத்துச் செல்ல உள்ளூர் வழிகாட்டி தனியாக வேண்டும். சில ஏற்பாடுகளில் அவருக்கான கட்டணம் சேர்ந்திருக்கும், சிலவற்றில் அங்கே போய்க் கொடுக்க வேண்டியிருக்கும். மொரோக்கோவில் வழிகாட்டிகளுக்கு அரசின் உரிமம் உண்டு. உரிமம் பெற்றவர்கள் அதற்குரிய அடையாள அட்டையை வைத்திருப்பார்கள். உள்ளூர் வழிகாட்டி உண்டா, எத்தனை மணி நேரம் உடனிருப்பார், எந்த மொழியில் பேசுவார், வழியில் எத்தனை இடங்களில் வண்டி நிற்கும் என்ற நான்கு கேள்விகளையும் எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் பெற்ற பின்புதான் நாங்கள் பணம் கட்டினோம். இந்த எச்சரிக்கை மிகையானதன்று. வழியில் ஒரு கடையில் கூடுதலாக அரை மணி நேரம் நின்றால், அந்த அரை மணி நேரம் நகரத்தில் குறைகிறது.

மராகேஷைத் தாண்டியதும் வறண்ட சமவெளி நெடுந்தூரம் வருகிறது. ஷிஷாவா ஊரைக் கடந்து கடலை நெருங்க நெருங்கத்தான் ஆர்கன் மரங்கள் தென்படத் தொடங்குகின்றன. முள்ளும் முறுக்கும் நிறைந்த இந்த மரம் தென்மேற்கு மொரோக்கோவுக்கே உரியது. இம்மரங்கள் வளரும் பகுதியை 1998இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. ஆடுகள் இதன் கிளைகளில் ஏறிக் காய்களைத் தின்பது உண்மைதான். ஆனால், சாலையோரத்து மரமொன்றின் ஒவ்வொரு கிளையிலும் ஓர் ஆடு அசையாமல் நின்றுகொண்டிருக்க, கீழே ஒருவர் காசுக்குக் காத்திருந்தால், அந்த ஆடுகள் பயணிகளுக்காக அங்கே ஏற்றி நிறுத்தப்பட்டவை. வெயிலில் பல மணி நேரம் அவை அப்படி நிற்க வேண்டியிருக்கிறது. அங்கே நிறுத்த வேண்டாம் என்று நாங்கள் முன்னதாகவே ஓட்டுநரிடம் சொல்லியிருந்தோம்; அவரும் தயக்கமின்றி ஒப்புக்கொண்டார். வண்டியிலிருந்த மற்றவர்களிடமும் காரணத்தைச் சொன்னபோது ஒருவரும் மறுக்கவில்லை.

அடுத்த நிறுத்தம் ஆர்கன் எண்ணெய் எடுக்கும் இடம். காய்ந்த காயின் மேல்தோலை நீக்கி, கெட்டியான கொட்டையை ஒரு கல்லின்மேல் வைத்து இன்னொரு கல்லால் தட்டி உடைத்து, உள்ளிருக்கும் பருப்பைச் சேர்க்கிறார்கள். சமையல் எண்ணெய்க்கென்றால் பருப்பை வறுத்தும், தோலுக்கும் முடிக்கும் பூசும் எண்ணெய்க்கென்றால் வறுக்காமலும் கல் திரிகையில் அரைக்கிறார்கள்; அரைத்த விழுதைக் கையால் பிசைந்து எண்ணெயைப் பிரிக்கிறார்கள். இந்த வேலை காலங்காலமாகப் பெண்களுடையது. ரபாத் நகரின் முகம்மது ஐந்தாம் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியராக இருந்த ஜுபைதா ஷாரூஃப், 1990களின் நடுவில் எஸ்ஸவீரா மாகாணத்தின் தமனார் ஊரில் பெண்களுக்கென ஒரு கூட்டுறவு சங்கம் தொடங்க வழிசெய்தார். அதன் பிறகே அப்பெண்கள் தங்கள் உழைப்புக்குத் தாங்களே விலை வைக்கும் நிலை உருவாகத் தொடங்கியது. இன்று சாலை நெடுகக் கூட்டுறவு என்ற பெயர்ப்பலகைகள் தொங்குகின்றன. அவற்றில் சில, வாசலில் இரண்டு பெண்களை உட்காரவைத்துவிட்டு, உள்ளே தனியார் கடையாக நடப்பவை. சங்கத்தில் எத்தனை உறுப்பினர்கள், ஆதாயம் எப்படிப் பிரிக்கப்படுகிறது என்று கேட்டால், உண்மையான சங்கத்தில் மகிழ்ச்சியோடு பதில் சொல்வார்கள். ஆர்கன் எண்ணெயும் பாதாமும் தேனும் சேர்த்தரைத்த அம்லூ என்ற விழுதை ரொட்டியில் தொட்டுச் சாப்பிடக் கொடுத்தார்கள். அம்மாவுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. ஒரு சிறு புட்டி வாங்கினோம்.

எஸ்ஸவீராவில் இறங்கியதும் முதலில் தெரிவது காற்று. வடகிழக்கிலிருந்து வீசும் வணிகக் காற்று இந்தக் கரையை ஆண்டின் பெரும்பகுதியும் அலைக்கழிக்கிறது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை அதன் வேகம் மிகுதி. கடல்நீரும் குளிர்ந்தது. அதனால், கோடையில் மராகேஷில் வெயில் நாற்பது டிகிரியைத் தொடும் நாளிலும் இங்கே இருபதைச் சற்றுத் தாண்டினாலே அதிகம். மராகேஷின் வெயிலுக்கேற்ற மெல்லிய உடையோடு மட்டும் வருபவர்கள் நடுங்கிவிடுகிறார்கள். காற்றுப் புகாத மேலாடை ஒன்றும், வயதானவர்களுக்குக் காதை மூடும் துணியும் கட்டாயம் வேண்டும். கடற்கரையில் மணல் பறந்து கண்ணில் விழும் என்பதால் கண்ணாடியும் உதவும். கடலில் குளிக்கலாம் என்ற எண்ணத்தோடு ஒருநாள் பயணத்தில் வருவது பொருந்தாது. அந்தக் கரை காற்றில் பாய்கட்டிச் சறுக்குபவர்களுக்கே ஏற்றது.

நகரத்தைப் பற்றிய முதல் உண்மை, இது தானாக வளர்ந்த ஊரன்று என்பது. மொகதோர் என்று ஐரோப்பியர் அழைத்துவந்த இந்த இடத்தில் போர்த்துக்கீசியர் 1506இல் ஒரு கோட்டை கட்டி, சில ஆண்டுகளிலேயே அதை இழந்தார்கள். இன்று நாம் காணும் நகரம், 1760களில் சுல்தான் சீதி முகம்மது பின் அப்துல்லா திட்டமிட்டு எழுப்பியது. தெற்கே அகாதிர் துறைமுகத்தின் வணிகத்தைத் தன் கட்டுக்குள் கொண்டுவரவும், ஐரோப்பாவுடனான கடல் வணிகத்தின் வரி வருவாய் தன் கருவூலத்துக்கே வந்து சேரவும் அவர் விரும்பினார். தியோடோர் கோர்னூ என்ற பிரெஞ்சுப் பொறியாளர் வரைந்த அமைப்பின்படி நேரான தெருக்களும் சதுக்கங்களும் மதில்களும் எழுந்தன. மராகேஷின் பழைய நகரில் நூறடி நடப்பதற்குள் திசை குழம்பிவிடுகிறது. இங்கோ, துறைமுகப் பக்கத்திலிருந்து துக்காலா வாசல் வரை ஒரே நேர்கோட்டில் நடந்துவிடலாம். மதிலுக்குள் தரை பெரும்பாலும் சமமானது, கார்களுக்கு அனுமதியில்லை. மூட்டுவலியுள்ள அம்மாவுக்கு இந்தப் பயணத்தில் மிக எளிதாக நடக்க முடிந்த ஊர் இதுதான். பதினெட்டாம் நூற்றாண்டின் ஐரோப்பியக் கோட்டைக் கலையை வட ஆப்பிரிக்கச் சூழலில் பொருத்திக் கட்டிய நகரம் என்ற சிறப்புக்காக, 2001இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

பெரும்பாலான வழிகாட்டிகள் பயணிகளை முதலில் அழைத்துச் செல்வது ஸ்காலா எனப்படும் கடல்மதிலுக்கு. சரிவான பாதையில் ஏறினால், கடலை நோக்கி வரிசையாக நிற்கும் வெண்கலப் பீரங்கிகளைக் காணலாம். அவற்றில் பல ஸ்பெயினில் வார்க்கப்பட்டவை. கீழே பாறைகளில் அலை மோதிச் சிதறும் காட்சிக்காகவே பலர் இங்கு வருகிறார்கள். இத்தனை பீரங்கிகள் இருந்தும், 1844 ஆகஸ்டில் ஜுவான்வில் இளவரசரின் தலைமையில் வந்த பிரெஞ்சுக் கடற்படை இந்த நகரத்தைக் குண்டுவீசித் தகர்த்தது. அல்ஜீரியாவில் பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்துப் போராடிய அப்துல் காதிருக்கு மொரோக்கோ ஆதரவளித்ததே அதற்குக் காரணம். மதிலின் அடியில், ஒருகாலத்தில் வெடிமருந்து வைத்திருந்த அறைகளில், இப்போது தூயா மரத்தைக் கடைந்து பெட்டிகளும் மேசைகளும் செய்கிறார்கள். இதன் வேர்முடிச்சில் விழும் புள்ளிகளும் அதன் வாசனையும் மிக அழகானவைதாம். ஆனால் வேர்முடிச்சுக்காக மரத்தையே தோண்டியெடுப்பதால் காடு குறைந்துவருகிறது. ஆகவே, வாங்குபவர்கள் சிறிய பொருளாக, செய்தவரிடமே வாங்குவது நல்லது.

ஸ்காலாவும் துறைமுகமும் கண்ணாலேயே புரிந்துவிடும் இடங்கள். நீல வண்ணம் பூசிய சிறு படகுகளையும், மத்தி மீன் கூடைகளையும், மரப்படகு கட்டும் பட்டறையையும் பார்க்க விளக்கம் சொல்லும் ஆள் தேவையில்லை. அதனால்தான் எங்கள் வழிகாட்டியின் இரண்டு மணி நேரத்தை வேறோர் இடத்துக்குக் கேட்டோம். மதிலின் வடபகுதியிலுள்ள மெல்லா எனப்படும் யூதர் குடியிருப்பையும், அதற்கு முன்பே யூத வணிகர்கள் வாழ்ந்த கஸ்பா எனப்படும் கோட்டைப் பகுதியையும் நிதானமாகக் காட்டுமாறு கேட்டுக்கொண்டோம். வழிகாட்டி இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த முதியவர். கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. இதைக் கேட்டு வருபவர்கள் குறைவு என்றார்.

சுல்தான் நகரத்தை எழுப்பியபோது, வணிகம் நடத்துவதற்காக மொரோக்கோவின் மற்ற ஊர்களிலிருந்து யூத வணிகக் குடும்பங்களை இங்கே அழைத்துக் குடியமர்த்தினார். அரச வணிகர்கள் என்ற தகுதியுடன் கடன், வீடு, கிடங்கு ஆகியவற்றைப் பெற்ற அவர்கள், சகாராவுக்கு அப்பாலிருந்து ஒட்டகக் கூட்டங்கள் கொண்டுவந்த தீக்கோழி இறகையும் பிசினையும், உள்நாட்டிலிருந்து வந்த ஆட்டுத்தோலையும் பாதாமையும் ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்தார்கள். திரும்பிவரும் கப்பல்களில் மான்செஸ்டர் துணியும் சீனத்துப் பச்சைத் தேயிலையும் வந்து இறங்கின. இன்று மொரோக்கோவில் எந்த வீட்டிலும் புதினா போட்டு ஊற்றித் தரும் அந்தத் தேநீர் நாடு முழுதும் பரவியதில் இந்தத் துறைமுகத்துக்குப் பெரும் பங்குண்டு. 1807இல் சுல்தான் மௌலாய் சுலைமான், யூதர்கள் தனிக் குடியிருப்பில் வாழ வேண்டும் என்று ஆணையிட்டபோது மெல்லா உருவானது. பெருவணிகர்கள் மட்டும் கஸ்பாவிலேயே தங்க அனுமதி பெற்றார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நகர மக்கள்தொகையில் யூதர்களின் பங்கு மிகப் பெரிது. யூதர்களின் ஓய்வுநாளான சனிக்கிழமையில் பாதிக் கடைகள் மூடிக் கிடக்கும் என்று அந்த முதியவர் தம் தந்தை சொன்னதாகக் கூறினார்.

மெல்லாவின் தெருக்கள் குறுகியவை. கடற்காற்றின் உப்பும் ஈரமும், ஆளில்லாமல் கிடந்த ஆண்டுகளும் சேர்ந்து பல வீடுகளை வீழ்த்திவிட்டன. சில இடங்களில் வெற்றுமனைகளே இருக்கின்றன. நகரின் கதவு நிலைகளின் மேற்கல்லில் ஆறுமுனை நட்சத்திரம் செதுக்கப்பட்டிருப்பதை வழிகாட்டி ஒவ்வொன்றாகக் காட்டினார். தனியே நடந்திருந்தால் அவற்றைப் பழைய சுவர் என்று கடந்திருப்போம். அம்மா ஒரு கதவின் முன் நின்று, “இங்க இருந்தவங்க எங்க போனாங்கன்னு கேளு” என்றார். இஸ்ரேல் உருவான 1948க்குப் பிறகும், மொரோக்கோ விடுதலை பெற்ற 1956ஐ ஒட்டியும், 1967 அரபு-இஸ்ரேல் போருக்குப் பின்னும், அலை அலையாக இஸ்ரேலுக்கும் பிரான்சுக்கும் கனடாவுக்கும் சென்றுவிட்டார்கள் என்று வழிகாட்டி சொன்னார். சிறுவயதில் சனிக்கிழமைகளில் பக்கத்து வீட்டு யூத மூதாட்டிக்கு அடுப்பு மூட்டிக் கொடுப்பது தம் வேலை என்றும், ஓய்வுநாளில் நெருப்பு மூட்டுவது அவர்கள் மரபில் விலக்கு என்பதால் அவ்வாறு செய்ததாகவும், கூலியாக இனிப்பு கிடைக்கும் என்றும் அவர் சொன்னதை நான் மொழிபெயர்த்தேன். அம்மா அந்த மூதாட்டியின் பெயரைக் கேட்டார். அவர் உடனே சொன்னார்.

கஸ்பாவில் சீமோன் அத்தியாஸ் தொழுகைக்கூடத்தை ஒட்டி அமைந்துள்ள பைத் தாக்கிரா என்ற நினைவில்லத்துக்கு நேரம் ஒதுக்க வேண்டும். 2020 ஜனவரியில் மன்னர் ஆறாம் முகம்மது நேரில் வந்து பார்வையிட்ட இடம் இது. யூதரும் முஸ்லிம்களும் ஒரே ஊரில் சேர்ந்து வாழ்ந்த வாழ்க்கையின் படங்களும் ஆவணங்களும் ஆடைகளும் வழிபாட்டுப் பொருள்களும் இங்கே உள்ளன. இதன் உருவாக்கத்தில் முன்னின்ற ஆந்த்ரே அசூலே, இந்த ஊரில் பிறந்த யூதர். மொரோக்கோ மன்னர்களின் ஆலோசகராக நெடுங்காலம் பணியாற்றியவர். மெல்லாவுக்குள் சிலாத் எல்கஹால் தொழுகைக்கூடமும் புதுப்பிக்கப்பட்டிருக்கிறது. துக்காலா வாசலை அடுத்துள்ள பழைய யூதர் கல்லறைத் தோட்டத்தில் 1845இல் மறைந்த ரப்பி (யூத மதகுரு) ஹாயிம் பிந்தோவின் சமாதி இருக்கிறது. ஆண்டுதோறும் அவர் நினைவுநாளுக்குப் பல நாடுகளிலிருந்தும் குடும்பங்கள் வருகின்றன. இவை திறந்திருக்கும் நாளும் நேரமும் ஒன்றுபோல் இல்லாததால், முந்தின நாளே வழிகாட்டி மூலம் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இன்னொரு சமூகத்தின் வரலாற்றையும் வழிகாட்டி சொல்லித்தான் அறிந்தோம். அதே சகாராப் பாதையில் பொருள்களோடு மனிதர்களும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களுடைய வழித்தோன்றல்களின் மரபுதான் க்னாவா இசை. மூன்று நரம்புகளுடைய கும்பிரி என்ற கருவியும், கைகளில் மோதவிடும் இரும்புக் கரதாளங்களும் சேர்ந்து, இரவு முழுதும் நீளும் நோய்தீர்க்கும் சடங்குகளில் ஒலித்த இசை இது. நபிகளாரின் முதல் முஅத்தினான (தொழுகைக்கு அழைப்பவரான) பிலால் அவர்களைத் தங்கள் ஆன்மிக முன்னோராகக் கொண்டாடும் இவர்களுக்கு, இந்நகரில் அவர் பெயரால் ஒரு ஸாவியா, அதாவது சூஃபி வழிபாட்டிடம், உண்டு. 1998 முதல் இங்கே க்னாவா விழா நடைபெறுகிறது. 2019இல் யுனெஸ்கோ இந்த மரபைப் பண்பாட்டுச் செல்வமாகப் பட்டியலிட்டது. சதுக்கத்தில் வாசிப்பவர்களைப் படமெடுத்தால் அவர்கள் காசு எதிர்பார்ப்பது முறையானதே. கொடுக்க மனமில்லாவிட்டால் படமெடுக்கக் கூடாது. விழா நாள்களில் ஊர் நிரம்பி வழியும் என்பதால், வரலாறு பார்க்க விரும்புபவர்கள் அந்த வாரத்தைத் தவிர்க்கலாம்.

உணவு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். துறைமுகத்தருகே மீனைத் தேர்ந்தெடுத்துச் சுட்டுத் தரச் சொல்லலாம். நிறுக்கும்போதே எடையையும் மொத்த விலையையும் கேட்டுவிட்டு, பிறகு அடுப்பில் வைக்கச் சொல்ல வேண்டும். சைவ உணவுக்காரர்கள் கவனமாக இருக்க வேண்டியது கூஸ்கூஸ் என்ற ரவை உணவிலும் ஹரீரா சூப்பிலும்தான். மேலே காய்கறி மட்டும் தெரிந்தாலும், இறைச்சி வேகவைத்த சாறு சேர்ந்திருக்கக்கூடும். பிரெஞ்சு மொழியில் “சான் வியாந்த், சான் புய்யோன்” என்று, இறைச்சியும் வேண்டாம், அதன் சாறும் வேண்டாம் எனச் சொன்னால் புரிந்துகொள்கிறார்கள். அம்மா ஸாலூக் எனப்படும் கத்தரிக்காய் மசியலையும், பிஸ்ஸாரா என்ற காய்ந்த அவரைப்பருப்புச் சூப்பையும் ரொட்டியோடு நிறைவாகச் சாப்பிட்டார். வழிகாட்டி உடனிருக்கும் நேரத்தில் சாப்பிட உட்காராமல், அவர் விடைபெற்ற பின்பே மதிய உணவை வைத்துக்கொண்டது நல்ல முடிவாக அமைந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு கடற்கரைப் பக்கம் நடந்தால், எதிரே மொகதோர் தீவு தெரியும். சுல்தானின் நகரத்துக்கு முன்னால் கிடக்கும் நெடிய காலத்தை அந்தத் தீவில்தான் காண வேண்டும். கிறித்து பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஃபினீசியர்கள் என்ற பண்டைக் கடல்வணிகர்கள் அங்கே வந்து தங்கினார்கள். பின்னர், வட ஆப்பிரிக்காவின் பண்டைய மௌரித்தேனியா நாட்டு மன்னர் இரண்டாம் ஜூபா, கடல்நத்தைகளிலிருந்து கருஞ்சிவப்புச் சாயம் எடுக்கும் தொழிலை அங்கே நிறுவினார். ரோமில் உயர்குடியினரின் ஆடைகளுக்கு ஏற்றப்பட்ட விலையுயர்ந்த சாயம் அது. இப்போது தீவு பறவைகளின் காப்பிடம். எலியனோரா வல்லூறு அங்கே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிறது. அனுமதியின்றி இறங்க முடியாது என்பதால், கரையிலிருந்தே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

நாள் தேர்வில் இரண்டு செய்திகளை மனத்தில் கொள்ள வேண்டும். வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகையை ஒட்டிப் பல கடைகளும் பட்டறைகளும் மூடிவிடும். ரமலான் மாதத்தில் பகலில் உணவகங்கள் குறைவு, நாட்டின் கடிகாரமும் அந்த மாதத்தில் ஒரு மணி நேரம் பின்னுக்கு வைக்கப்படுகிறது. இங்குள்ள பள்ளிவாசல்களுக்குள் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு அனுமதி கிடையாது. வாசலில் நின்று உள்ளே படமெடுப்பதும் தவிர்க்கத்தக்கது. சில்லறைத் திர்ஹம்கள் கையில் இருப்பது கழிப்பறைக்கும் தேநீருக்கும் அன்பளிப்புக்கும் உதவும்.

நடமாட்டத்தில் சிரமமில்லாதவர்களும், கூட்டத்தோடு செல்ல விரும்பாதவர்களும் மராகேஷ் ரயில் நிலையத்தை அடுத்துப் புறப்படும் சுப்ராதூர் பேருந்திலோ சி.டி.எம். பேருந்திலோ வந்து, உள்ளூர் வழிகாட்டியை மட்டும் தனியே அமர்த்திக்கொள்ளலாம். இருக்கைகள் விரைவில் நிரம்புவதால் திரும்பும் சீட்டையும் சேர்த்தே வாங்கிவிட வேண்டும். ஓர் இரவு தங்க முடிந்தவர்களுக்குப் பேருந்தே ஏற்றது. பகல்நேர வேன்கள் கிளம்பிச் சென்றபின் தெருக்களில் நெரிசல் குறைந்துவிடும். நினைவில்லத்தையும் கல்லறைத் தோட்டத்தையும் மறுநாள் காலையில் அவசரமின்றிப் பார்க்கலாம்.